பேச்சு: அதிகம்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு ‘அழுகாச்சி அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவள் தொழில். பதினாறு வருடத்தில் எத்தனையோ கதாநாயகிகளுக்காக அழுதிருக்கிறாள். விம்மி அழ வேண்டுமா, கோபத்தில் ஆரம்பித்துப் பாதியில் மூக்கை உறிஞ்ச வேண்டுமா, வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டுமா, ஏழு வகை கைவசம் இருந்தது. டைரக்டர் “மூணாம் நம்பர் போடுங்கக்கா” என்றால் போதும். இத்தனைக்கும் கண்ணில் ஒரு சொட்டு வராது. எல்லாம் தொண்டை வேலை. அழுது முடித்த கையோடு டீ வந்ததா என்று கேட்பாள்.

தொண்டை அப்படியென்றால் காது அதைவிட மோசம். புரொடக்‌ஷன் மேனேஜர் போனில் “வந்துட்டே இருக்கேன்” என்று சொன்னால், “இன்னும் கட்டில்லேருந்து எழுந்திருக்கவே இல்ல” என்று இவள் இங்கே சொல்வாள். விசாரித்தால் அப்படியே இருக்கும். பொய்க்கு முன்னால் மனிதர்கள் இழுக்கிற அந்தச் சின்ன மூச்சு அவளுக்குக் கேட்டுவிடும். தொழிலுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் இந்தக் காதைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாதே.

அவள் வீட்டுக்காரன் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். பவர் பார்ப்பது, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, காதோரம் இடித்தால் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது. வசனத் தாள் படிக்க ஒரு கண்ணாடி வேண்டும் என்றுதான் அவள் முதலில் அங்கே போனாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் காட்டி “இது தெரியுதா, அது தெரியுதா” என்று கேட்க வேண்டியவன், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கதை சொன்னான். மேல் வரிசை எழுத்தெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளாம், அதனால்தான் கொழுகொழுவென்று இருக்கின்றனவாம். கீழ் வரிசைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதானாம். மூச்சு விடாமல் பேசினான். அவள் சிரித்த சிரிப்பில் பவர் தப்பாகிப்போய் அடுத்த வாரம் மறுபடி போக வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வாரம் பவர் சரியாக இருந்தும் போனாள். அந்தக் குரலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். மனுஷன் கூடவே வந்தான்.

அப்போது அந்தப் பேச்சுக்குச் சுபாவம் என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது வியாதி ஆயிற்று. தூக்கம் போனது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது அதன் தலையில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டாலும் நிற்கவில்லை, கெஞ்சினாலும் நிற்கவில்லை. பத்தாவது நாள் காலை, உலகத்தில் ஒருத்தருக்கும் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, கடையிலிருந்த நாற்பத்திரண்டு கண்ணாடிகளை ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டு போய்த் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டான். வெயிலுக்கு ஒதுங்கி நின்ற டிராஃபிக் போலீஸ்காரருக்கும் ஒன்று. தெருவே சிரித்தது. அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் யார் என்று தெரியாமல், அவளுக்கும் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான். அந்த ஒரு நிமிஷம் அவள் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

நாற்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து சில மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு மௌனம். அப்புறம் மெல்ல மெல்ல மனுஷனானான், வேலைக்கும் போனான். டாக்டரம்மா அவளிடம் ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். தினமும் நாலு கட்டம்: தூக்கம், பசி, பேச்சு, மாத்திரை. எதிரே குறைவு, சரி, அதிகம் என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். ஆறு மாதத்துக்குப் போடச் சொன்ன நோட்டு. இவள் நாலாவது நோட்டில் இருந்தாள்.

ஒரே ஒரு தடவை, போன வருடம், சாப்பிடும்போது அவன் ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். கண்ணாடி தொலைந்துவிட்டது என்று வந்த மனிதர் அதை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்திருந்தாராம். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கவில்லை, தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ‘பேச்சு: அதிகம்’ என்று எழுதி, அதோடு விடாமல், மறுபடி ஆரம்பிச்சிடுச்சு என்று டாக்டரம்மாவுக்குப் போனும் போட்டாள். ஒரு மாத்திரை ஏறியது. காலை மாத்திரை. அதைப் போட்டால் மதியம் வரை கண் சொருகும், விரல் நடுங்கும். எள்ளளவு திருகாணியைக் கண்ணாடிக் காலில் முடுக்குகிற வேலை அவனுக்கு. ஒரு மாதத்தில் ஐந்து ஃபிரேமை உடைத்தான். கடை முதலாளி, “கை நடுக்கம் நிக்கட்டும், பாத்துக்கலாம்” என்று அவனைப் பில் போடும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்.

இப்போது வருகிற திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். “நல்லா இருக்கார்மா. இந்த மாச நோட்டும் சரியா இருந்தா காலை மாத்திரையை நிறுத்திடலாம்” என்று போன தடவையே சொல்லியிருந்தார். அவன் வேலை, அவன் விரல், எல்லாம் அவள் பேனாவில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தாள்.

கவனித்ததில் என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் ‘சரி’ விழுந்தது. தூக்கம் சரி, பசி சரி, பேச்சு சரி. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. சாயந்திரம் வருவான், செருப்பைக் கழற்றுவான், சொல்வான்:

“இன்னிக்கு வேலை பரவாயில்ல. ரெண்டு பேருக்கு பில் போட்டேன். கொஞ்சம் அசதியா இருக்கு. சாப்பிடலாமா?”

மறுநாள் மூன்று பேருக்கு பில் போட்டிருப்பான். மற்றபடி அதே வரி, அதே நிதானம். இப்படி ஒரு குரலை அவள் அவனிடம் கல்யாணத்துக்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி போட ஆயிரம் கிடைக்கும். மாத்திரையைத் துப்புகிறானோ என்று அட்டையை எண்ணினாள், கணக்குச் சரி. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். மறு பேச்சில்லாமல் காட்டினான். சட்டையை மோந்து பார்த்தாள். வியாழக்கிழமைச் சட்டையில் மட்டும் ஏதோ மருந்து வாடை அடித்தது. வியாழக்கிழமை கடை அரை நாள்தான். மதியத்துக்கு மேல் லென்ஸ் மொத்தக் கடைக்குப் போவதாகச் சொல்வான். அந்த மொத்தக் கடைக்கு அவளே போன் செய்தாள். “வியாழக்கிழமை நாங்களும் அரை நாள்தாங்க” என்று பதில் வந்தது.

அந்த வாரம் பார்த்துக் கூடத்தில் அவளுக்கு வந்து சேர்ந்த படமும் சரியில்லை. இந்திப் படம். கதாநாயகனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. கதாநாயகி அவனை ஏரிக்கரை வீடு ஒன்றுக்கு அழைத்துப் போய்க் காதலித்தே குணமாக்கிவிடுகிறாள். மூன்று பாட்டு.

“இதுல மாத்திரை யார் குடுக்கறா?” என்று கேட்டாள்.

“காதல்தான்கா மாத்திரை” என்றார் டைரக்டர்.

“காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணா?”

கடைசிக் காட்சியில் கதாநாயகி அவன் முகத்தைக் கையில் ஏந்தி, “நான் உன்னை நம்பறேன்” என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. செவ்வாய்க்கிழமை பதினோரு டேக் போனது. உதடு பொருந்தியது, நீளம் பொருந்தியது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்பறேன்னுதான் சொல்றீங்க. ஆனா ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்கற மாதிரி கேக்குது.”

அந்த வரியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அவள் இன்ஜினியர் பக்கத்தில் போய் உட்கார்ந்து போனை நீட்டினாள். பத்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்து அவன் பேச்சைப் பதிந்து வைத்திருந்தாள். இந்த வேலை வேறு எந்தப் பெண்டாட்டிக்கும் தோன்றியிருக்காது.

“ஒரு ஆளோட குரல். இதுல ஏதாவது வித்தியாசமா இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

இன்ஜினியர் கேட்டார். திரையில் அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பேசலக்கா, படிக்கறார். ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் ஒரே அளவு இடைவெளி, பாருங்க. மூச்சுக்குக் குறி போட்டு வச்சுப் படிக்கறார். நல்லாப் பழகின ஆள். யாரு, புது ஆர்ட்டிஸ்ட்டா?”

“ஆமா” என்றாள்.

படிக்கிறான் என்றால் தாள் இருக்க வேண்டும். புதன்கிழமை அவன் வேலைக்குப் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். தலையணை உறை, ஷேவிங் டப்பா, பழைய ஷூ, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அலமாரி மேல்தட்டில் ஒரு பழைய கண்ணாடிக் கூடு இருந்தது. திறந்தால் கண்ணாடி இல்லை. நாலாக மடித்த தாள்கள். அவளுடைய பழைய வசனத் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலில், அவன் கையெழுத்து.

இன்னிக்கு / வேலை பரவாயில்ல // ரெண்டு பேருக்கு பில் போட்டேன் // கொஞ்சம் அசதியா இருக்கு / சாப்பிடலாமா //

ஒரு கோடு என்றால் சின்ன மூச்சு. இரண்டு கோடு என்றால் நின்று மூச்சு. அழுத்தக் கூடாத சொல்லைச் சுற்றி வட்டம். இது அவளுடைய முறை. பதினாறு வருடமாக அவள் தாளில் அவள் போடுகிற குறி. ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தான்: ‘சின்னச் சிரிப்பு, பல் தெரியாமல்.’ இன்னொரு இடத்தில்: ‘பெரிய சிரிப்பு வந்தால் தண்ணீர் குடிக்கவும்.’ முதல் தாளின் மேலே தேதி இருந்தது. காலை மாத்திரை ஏறிய மாதம்.

வேறு யாராவது அதைப் படித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஏழு வகை தெரிந்த இவள் அழவில்லை. ‘மாட்டினான்’ என்றுதான் நினைத்தாள். நல்லவன் மாதிரி நடிக்கிறான், அடியில் வியாதி கொதித்துக்கொண்டிருக்கிறது, என்றைக்காவது ஒரு நாள் மறுபடியும் தெருவில் நின்று என் முகத்தைப் பார்த்து யாரென்று தெரியாமல் போகப் போகிறான். தாள்களை மடித்தபடியே உள்ளே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

“திங்கட்கிழமை வரும்போது ஒரு படுக்கை காலியா இருக்குமா?”

“இருக்குங்க. பேர் எழுதி வச்சிடட்டுமா?”

“நாளைக்குச் சாயந்திரம் சொல்றேன்” என்றாள். ஒருத்தனைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் தண்டனை தருவாளாம். அந்த அளவுக்கு நியாயம் இருந்தது அவளிடம்.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிக் கூடத்திலிருந்து கிளம்பினாள். முகக்கவசம் போட்டுக்கொண்டாள். கூலிங் கிளாஸையும் எடுத்தவள், அது அவன் செய்து கொடுத்தது, அரை மைலுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவான் என்று திரும்பப் பைக்குள் போட்டாள். அவன் பஸ்ஸில் முன்னால் ஏறினான், அவள் பின்னால் ஏறினாள். ஆறாவது நிறுத்தத்தில் இறங்கி ஒரு மாடிக் கட்டடத்துக்குள் போனான். கீழே ஒரு அச்சகம். முதல் மாடியில் பூட்டிய கதவு. இரண்டாம் மாடிப் படியில் கால் வைக்கும்போது அந்த மருந்து வாடை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் நாலு படி ஏறியதும் குரல் கேட்டது.

அதே குரல். எழுத்துப் பலகைக்கு முன்னால் கேட்ட குரல். வேகம், ஏற்ற இறக்கம், ஒரு வரி முடியுமுன் அடுத்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிறைவும் பயமுமாக மிச்சப் படிகளை ஏறினாள்.

மாடியில் கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே ஆறு கட்டில், ஆறு மெஷின். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தப்படுத்தி ஏற்றுகிற இடம். ஒவ்வொரு கையிலிருந்தும் சிவப்புக் குழாய் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்தது. எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு டிவி. அதில் ஏதோ இந்திப் படம். டிவிக்குக் கீழே கையை ஆட்டிக்கொண்டு அவள் வீட்டுக்காரன்.

வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். “யாருக்கும்மா? புதுசா சேக்கணுமா?” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“இல்ல, விசாரிக்க வந்தேன். உள்ள யாரோ கத்தறாங்களே?”

“கத்தலம்மா, கதை சொல்றார். எங்க வீட்டுக்காரர் தையல் கடைக்குப் பக்கத்துலதான் இவரோட கண்ணாடிக் கடை. டிவி ரிமோட் தொலைஞ்சு போச்சு, இந்திச் சேனல்லயே நிக்குது. நாலு மணி நேரம் புரியாத படத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணும். ஒரு நாள் எங்களுக்குத் துணையா வந்தவர், போரடிக்குதேன்னு அந்த ஹீரோவுக்குக் குரல் குடுத்தார். இப்ப வியாழக்கிழமைன்னா எங்க வீட்டுக்காரர் தானாக் கிளம்பி வாசல்ல நிக்கறார்.”

“அவருக்கு இந்தி தெரியுமா?”

“ஒரு எழுத்து தெரியாது!” என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “படம் வாரா வாரம் மாறும். இவர் கதை மாறாது. தொடர்கதை.”

இவளுக்கு இந்தி தெரியும். தொழில் கற்றுக் கொடுத்தது. திரையில் கதாநாயகன் தொலைந்துபோன ஒரு மோதிரத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே நின்றவன் சொன்னது வேறு.

“போன வாரம் எங்க விட்டேன்? ஆங், நோட்டு! ஹீரோ ஒரே ஒரு தடவைதான்யா சிரிச்சான். உடனே ஹீரோயின் நோட்டை எடுத்தா. எழுதினா. ஒரு மாத்திரை ஏறிடுச்சு. கை இப்படி நடுங்குது. அன்னிலேருந்து ஹீரோ வீட்டுல மனப்பாடம் பண்ணித்தான் பேசறான். பரீட்சைக்குப் படிக்கற மாதிரி!”

திரையில் கதாநாயகி அழ ஆரம்பித்தாள். அவன் முந்தானையால் வாயைப் பொத்துகிற மாதிரி பொத்திக்கொண்டு அழுதுகாட்டினான். சந்தேகமேயில்லை, மூன்றாம் நம்பர். அச்சு அசலாக இருந்தது. ஆறு கட்டிலும் சிரித்தன.

“ஏம்ப்பா, அந்தப் பொண்ணு கெட்டவளா?” என்று ஜன்னலோரக் கட்டில்காரர் கேட்டார்.

“சேச்சே. கெட்டவ இல்லண்ணே, பயந்துட்டா.” குரல் கொஞ்சம் இறங்கியது. “ஹீரோ ஒரு நாள் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவளைத் தெரியாம நின்னுட்டான். அதுக்கப்புறம் அவ தூங்கவே இல்ல. இவனுக்குத் தெளிஞ்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. அவளுக்குத்தான் இன்னும் தெளியல.”

“இதை அவகிட்டயே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம். ‘பேச்சு: அதிகம்’னு எழுதிடுவாளே!”

அறை மறுபடி சிரித்தது. கதவுக்கு வெளியே நின்றவளுக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. அந்த நிமிஷம் அவனுக்கு நினைவிருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படியும் சந்தேகம் விட்டதா? விடவில்லை. கை ஆடுகிறது, கண் பளபளக்கிறது, பேச்சு பாய்கிறது. நோட்டில் எழுத வேண்டிய எல்லாம் இருக்கிறதே என்று அவள் காது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது ஒரு மெஷின் கூவியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நர்ஸ் ஓடிவந்தாள்.

அவன் நிறுத்தினான். ஒரு சொல்லின் நடுவில், தூக்கிய கையை இறக்கி, சத்தமில்லாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றான். நர்ஸ் குழாயைப் பார்த்தாள், கையைத் தேய்த்துவிட்டாள், பொத்தானை அமுக்கினாள். நர்ஸ் கேட்டதும் ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தான். வாய் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஓடியதை அவள் பார்த்தாள். விளக்கு அணைந்தது. கட்டிலில் இருந்தவர், “ம், சொல்லுப்பா” என்றார். விட்ட சொல்லின் பாதியிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தெருவில் கண்ணாடி மாட்டிவிட்ட அன்றைக்கு அவனால் நிறுத்த முடியவில்லை. அவள் கெஞ்சியும் முடியவில்லை, போலீஸ்காரர் அதட்டியும் முடியவில்லை. இவன் நிறுத்துகிறான். நிறுத்தத் தெரிந்தவன் பேசுகிற பேச்சு வியாதி இல்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்கு அந்த நோட்டில் கட்டமே கிடையாது. நாலு நோட்டு எழுதியவளுக்கு அது தெரியவில்லை.

கீழே இறங்கி அச்சகத்து வாசலில் நின்று போன் செய்தாள். “படுக்கை வேண்டாங்க” என்றாள். காரணம் கேட்டார்கள். போனை வைத்துவிட்டாள்.

சாயந்திரம் அவன் வந்தான். செருப்பைக் கழற்றினான். “இன்னிக்கு, வேலை பரவாயில்ல. நாலு பேருக்கு பில்...”

“அந்த ஹீரோயினுக்கு எப்பதான் தெளியும்?” என்று கேட்டாள்.

அவன் முகம் வெளிறியது. நேராக அலமாரிக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “ஒண்ணு விடாமப் போட்டிருக்கேன். எண்ணிப் பாரு.” சொல்லிவிட்டு, கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

நாற்பத்தைந்து வயது மனிதன், சொந்த வீட்டு விளக்கடியில், நாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும்தான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

“வாயை மூடுங்க” என்றாள். “போதும், மூடுங்க.” நோட்டையும் பேனாவையும் எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். “திங்கட்கிழமை வரைக்கும் நீங்க எழுதுங்க.”

“என்னைப் பத்தி நானே எழுதறதா?”

“என்னைப் பத்தி.”

இப்போது சந்தேகம் அவன் முறை. நோட்டைத் தொடாமல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “போட்டு வாங்கறியா?”

“இல்ல.”

“நான் ஏதாவது எழுதினா, அதை வச்சு எனக்கு இன்னொரு மாத்திரை ஏத்திடுவியா?”

அவன் அதை வேடிக்கையாகக் கேட்கவில்லை. அவளுக்கு வலித்தது, வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டான். ஆனால் அவள் எதிரில் ஒரு எழுத்து எழுதவில்லை. எங்கே வைத்தான் என்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கூட்டில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் அந்த மேல்தட்டைப் பார்க்காமல் இருந்தது, அவள் வாழ்க்கையில் செய்த கடினமான வேலைகளில் ஒன்று.

திங்கட்கிழமை டாக்டரம்மா வழக்கம்போல நோட்டைத் திறந்தார். வழக்கமாகப் பத்து விநாடியில் மூடிவிடுவார். அன்று மூடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

‘தூக்கம்: குறைவு. மூணு தடவை எழுந்து என் மூச்சைப் பாத்தா. பசி: என் தட்டையே பாத்துட்டு இருந்ததால சரியாச் சாப்பிடல. பேச்சு: கேள்வி மட்டும். மாத்திரை: இவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல.’

நாலு நாளும் கிட்டத்தட்ட அதேதான். கடைசி வரி மட்டும் நாலு நாளும் மாறாமல் இருந்தது.

டாக்டரம்மா இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “நீங்க கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. மூன்றாம் நம்பரும் இல்லை, ஏழாம் நம்பரும் இல்லை. மூக்கு ஒழுகி, விக்கல் குறுக்கே வந்து, தொண்டை கரகரத்து, கேட்கவே நன்றாக இல்லாத ஒரு சத்தம். கூடத்தில் என்றால் அவளே டேக்கை வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இங்கே நிறுத்தச் சொல்ல ஆளில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் தன் சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துக் கொடுத்தான்.

காலை மாத்திரையை டாக்டரம்மா மருந்துச் சீட்டில் அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார், அவளை மட்டும். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “இது என்கிட்டயே இருக்கட்டும்” என்று மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு நிறுத்தம் அவன் பேசவில்லை. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மூன்றாவது நிறுத்தத்தில், ஆழம் பார்க்கிற மாதிரி, ஒரு வரி சொன்னான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வரி. அப்புறம் பிடித்துக்கொண்டது. வேகமாக, கையை ஆட்டி, ஒரு வரி முடியுமுன் அடுத்தது. அவள் காது தன்னால் வேகத்தை அளக்க ஆரம்பித்தது. கை தன்னால் பைக்குள் போய் நோட்டைத் தேடியது. பையில் சீப்பு இருந்தது, சாவி இருந்தது, மஞ்சள் துணி இருந்தது. நோட்டு இல்லை. எழுத இடமில்லாததால், எவ்வளவு வேகமாகப் பேசுகிறான் என்பதை விட்டுவிட்டு, என்ன பேசுகிறான் என்று இரண்டு வருடத்துக்கு அப்புறம் கேட்டாள்.

“மெதுவாத் திரும்பிப் பாரு. நேராப் பாக்காதே. கண்டக்டர் போட்டிருக்கார் பாரு கண்ணாடி, அந்த பிரவுன் ஃபிரேம், அது நான் மாட்டிவிட்டது. அந்த நாப்பத்திரண்டுல ஒண்ணு. பவரே கிடையாது அதுல, வெறும் கண்ணாடி. ரெண்டு வருஷமா அதைப் போட்டுக்கிட்டுத்தான் மனுஷன் டிக்கெட் கிழிக்கறார்!”

“நெஜமாவா?” என்றாள்.

“சந்தேகமா இருந்தா போய்க் கேளு.”

அவள் திரும்பி கண்டக்டரைப் பார்த்தாள். பிரவுன் ஃபிரேம்தான். அவர் அந்தக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, மேல்பக்கமாக, வெறும் கண்ணால் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலே எட்டில் போய்க் கேட்டுவிட்டு வரலாம். அவள் கேட்கப் போகவில்லை.